அபூர்வத் தோற்றமுள்ள இனப்பூனைக் குட்டி வாங்கப் போகிறீர்களா? முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை

சிறுத்தை போலப் புள்ளிகள், ஒரு முடிகூட இல்லாத வெற்றுத் தோல், மடிந்த காது, தட்டையான முகம். இப்படி ஒரு குட்டியின் படத்தைப் பார்த்ததும் மனம் அதன் பின்னால் போய்விடும். போகட்டும், அதில் தப்பில்லை. ஆனால் இந்த மாதிரித் தோற்றம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மரபணு மாற்றமோ, ஒரு காட்டு மூதாதையோ இருக்கிறது. அந்த மாற்றம் ரோமத்தின் நிறத்தோடு நின்றுவிட்டால் பூனைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. எலும்பையோ மண்டையோட்டையோ குணத்தையோ தொட்டுவிட்டால், அந்தப் பூனை பன்னிரண்டு பதினைந்து வருடம் அதைச் சுமந்துகொண்டுதான் வாழ வேண்டும். அதனால் எந்தக் குட்டி அழகு என்று பார்ப்பதற்கு முன்பே, அந்த அழகு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

முதல் படி: தோற்றத்தின் மூலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

புள்ளிப் பூனைகளில் இருந்து தொடங்கலாம். பெங்கால் இனத்தின் கதை 1963-ல் அமெரிக்காவில் தொடங்குகிறது. ஜீன் மில் என்ற பெண்மணி ஆசியச் சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் இணைத்துப் பார்த்தார். அந்த முயற்சி இடையில் நின்றுபோய், 1980-களில் மறுபடியும் தொடங்கி, இன்றைய பெங்கால் உருவானது. புள்ளி என்பது வெறும் ரோம விஷயம், அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் இந்த இனத்தில் மூன்று பரம்பரை நோய்களைக் கவனிக்க வேண்டும்: சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் பைருவேட் கைனேஸ் குறைபாடு, சிறு வயதிலேயே பார்வை மங்கும் விழித்திரை நோய், இதயத் தசை தடிக்கும் ஹெச்சிஎம். முதல் இரண்டுக்கும் மரபணுச் சோதனை உண்டு. மூன்றாவதைப் பெங்காலில் கண்டுபிடிக்க எக்கோ ஸ்கேன்தான் வழி.

பெங்கால் குட்டி பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு. பிறந்து ஒரு மாதம் ஆனதும் இந்தக் குட்டிகளின் மேல் சாம்பல் நிறத்தில் நீளமான பூமுடி வளர்ந்து புள்ளிகளை மறைத்துவிடும். மூன்று நான்கு மாதம் ஆன பிறகுதான் தெளியும். மங்கலாகத் தெரிகிறது என்று நல்ல குட்டியை ஒதுக்கிவிட வேண்டாம். பெற்றோரின் ரோமத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

காட்டுத் தோற்றம் வேண்டும், காட்டு ரத்தம் வேண்டாம் என்பவர்களுக்கு ஆஸிகேட் இருக்கிறது. 1964-ல் அமெரிக்காவின் மிஷிகனில், சயாமீஸ், அபிசீனியன் இனங்களின் கலப்பில் தற்செயலாகப் பிறந்த புள்ளிக் குட்டியிலிருந்து வந்த இனம். பெயரைக் கேட்டால் ஆஸிலாட் என்ற காட்டுப் பூனை ஞாபகத்துக்கு வரும், ஆனால் அதனோடு எந்த உறவும் கிடையாது. எகிப்தியன் மாவ் என்ற இனமும் இயற்கையாகவே புள்ளி உள்ள வீட்டுப் பூனைதான். முதல் முறையாக இனப்பூனை வாங்குகிறவர் யாராவது என்னிடம் கேட்டால், பெங்காலுக்கு முன்னால் இந்த இரண்டையும் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

முடியில்லாத ஸ்பிங்க்ஸ் 1966-ல் கனடாவின் டொரான்டோவில் பிறந்த ஒரு குட்டியில் தொடங்கியது. முடி இல்லாததால் பராமரிப்பு குறைவு என்று நினைப்பவர்கள் அதிகம். நிலைமை நேர் எதிர். முடி உறிஞ்சிக்கொள்ள வேண்டிய எண்ணெய் தோலிலேயே தங்கிவிடும். கிட்டத்தட்ட வாரம் ஒரு முறை குளிப்பாட்ட வேண்டும், காதில் சேரும் மெழுகையும் நக இடுக்கில் சேரும் அழுக்கையும் துடைக்க வேண்டும். குளிர் தாங்காது, வெயிலில் தோல் கருகும், உடல் சூட்டைக் காப்பாற்ற அதிகம் சாப்பிடும். ஹெச்சிஎம் இந்த இனத்திலும் இருக்கிறது. அப்புறம், பூனை அலர்ஜி உள்ளவர்களுக்கு ஸ்பிங்க்ஸ் ஒத்துக்கொள்ளும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். அலர்ஜியைத் தூண்டும் முக்கியப் புரதம் பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் உண்டாகிறது. முடி அதைச் சுமந்து பரப்புகிறது, அவ்வளவுதான். வீட்டில் யாருக்காவது அலர்ஜி இருந்தால், வளர்ந்த ஸ்பிங்க்ஸ் பூனையோடு பல மணி நேரம், இரண்டு மூன்று தடவை இருந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

பெர்ஷியன், எக்ஸாட்டிக் ஷார்ட்ஹேர் இரண்டுக்கும் முகம்தான் அடையாளம். முகம் தட்டையாக ஆக ஆக மூக்குத் துளை குறுகும், கண்ணீர்ப் பாதை வளையும், பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு முளைக்கும். தூங்கும்போது குறட்டை விடுவதும் கண்ணோரம் எப்போதும் ஈரமாக இருப்பதும் அழகான பழக்கங்கள் இல்லை, அந்தப் பூனையின் சிரமம். பார்ப்பதற்கு ஒரு எளிய அளவுகோல் சொல்கிறேன். பூனையை நேராக முன்னாலிருந்து பாருங்கள். மூக்கு நுனியின் மேல் விளிம்பு, கண்ணின் கீழ் விளிம்புக்கு மேலே ஏறியிருந்தால் அந்த முகம் அளவுக்கு மீறித் தட்டை. கொஞ்சம் மூக்கு நீண்ட வம்சத்திலிருந்து வாங்குங்கள். இந்த இனங்களில் பிகேடி என்ற, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் நோயும் உண்டு. ஒரு பெற்றோரிடமிருந்து அந்த நோய் மரபணுவின் ஒரே ஒரு பிரதி வந்தாலே நோய் வரும். சோதனை சுலபம், நிச்சயமான முடிவு தரும். அதைச் செய்யாத பிரீடருக்கு, அதாவது பூனைகளை இணைத்துக் குட்டி விற்பவருக்கு, சாக்குப்போக்கே கிடையாது.

மடிந்த காதுள்ள ஸ்காட்டிஷ் ஃபோல்ட் பற்றி நான் நேராகவே சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். 1961-ல் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷையரில் ஒரு பண்ணையில் கிடைத்த சூசி என்ற பூனையிலிருந்து வந்த இனம் இது. காதை மடிக்கும் அதே மரபணு உடம்பு முழுக்கக் குருத்தெலும்பைப் பாதிக்கிறது. காது மடிந்த ஒவ்வொரு பூனைக்கும் ஏதோ ஒரு அளவில் மூட்டு நோய் இருக்கும். சிலவற்றுக்கு ஒரு வயதுக்குள்ளேயே வால் விறைத்து, கால் வீங்கி, குதிக்கவே முடியாமல் போகும். நல்ல பிரீடர், மோசமான பிரீடர் என்ற வித்தியாசம் இங்கே உதவாது, ஏனென்றால் நோயும் காதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பிரிட்டனின் பூனைப் பதிவு அமைப்பான ஜிசிசிஎஃப் இந்த இனத்தைப் பதிவு செய்வதை 1970-களின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது. நெதர்லாந்தில் 2026 ஜனவரி முதல் மடிந்த காதுப் பூனையையும் முடியில்லாத பூனையையும் புதிதாக வளர்க்கத் தடை. அந்த உருண்டை முகம்தான் பிடித்திருக்கிறது என்றால் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் இருக்கிறதே.

குட்டைக் கால் மஞ்ச்கின்னும் எலும்பு மாற்றம்தான். அந்த மரபணு இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்துவிட்டால் கரு பிழைக்காது. இதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தூய வெள்ளைப் பூனை, இரண்டு கண்ணும் நீலம் என்றால், பெரும்பாலானவற்றுக்குக் காது கேட்காது. கேட்கும் திறன் சோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மெய்ன் கூன் என்ற பெரிய இனத்தின் குட்டி முழு வளர்ச்சி அடைய மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். அதில் ஹெச்சிஎம் உண்டாக்கும் ஒரு மரபணு மாற்றம் 2005-ல் கண்டுபிடிக்கப்பட்டு, அதற்கான சோதனையும் வந்துவிட்டது.

இரண்டாம் படி: காட்டு மூதாதை எத்தனை தலைமுறை தள்ளி?

பெங்காலும் சவன்னாவும் வாங்குபவர்களுக்கு மட்டும் இந்தப் படி. சவன்னா என்பது செர்வல் என்ற ஆப்பிரிக்கக் காட்டுப் பூனைக்கும் வீட்டுப் பூனைக்கும் பிறந்த கலப்பு. முதல் குட்டி 1986-ல் அமெரிக்காவில் பிறந்தது. காட்டுப் பூனைக்கு நேரடியாகப் பிறந்த குட்டி எஃப் 1, அதன் பிள்ளை எஃப் 2, இப்படியே எண்ணிக்கொண்டு போவார்கள். எண் குறையக் குறைய விலையும் கூடும், பிரச்சினையும் கூடும். எஃப் 1, எஃப் 2 பூனைகள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் மூத்திரம் தெளித்து எல்லை குறிப்பது, புதியவர்களைக் கண்டால் ஒளிவது, ஒரே ஆளிடம் மட்டும் ஒட்டுவது என்று வீட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சிரமமானவை. குடும்பத்தோடு வாழ வேண்டிய பூனை என்றால் நான்காம் தலைமுறைக்குக் குறைந்து போகவே வேண்டாம். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் பெங்கால்கள் பல தலைமுறை தள்ளியவை.

சட்டத்தையும் முன்கூட்டியே பாருங்கள். ஹவாயில் பெங்காலுக்கும் சவன்னாவுக்கும் அனுமதியே இல்லை. ஆஸ்திரேலியா 2008-ல் சவன்னா இறக்குமதியைத் தடுத்தது. பிரிட்டனில் எஃப் 1 சவன்னா வளர்க்க, ஆபத்தான காட்டு விலங்குகளுக்கான 1976-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். வனவிலங்கு வர்த்தகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின்படி, கடந்த நான்கு தலைமுறைக்குள் காட்டு மூதாதை இருந்தால் நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதிச் சீட்டு தேவைப்படும். உங்கள் நாட்டின் விதி, உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சியின் விதி, வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதம், மூன்றையும் எழுத்தில் உறுதி செய்துகொண்ட பிறகு குட்டியைத் தேடுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் அன்றாடத்தை அளந்து பாருங்கள்

பெங்கால் சும்மா இருக்காது. அலமாரி உச்சிக்கு ஏறும், குழாயைத் திறக்கப் பார்க்கும், கதவுப் பிடியைத் தொங்கித் திறக்கும், போரடித்தால் உரக்கக் கத்தும். தினமும் உங்கள் முழுக் கவனத்தோடு இரண்டு மூன்று தடவை விளையாட்டு வேண்டும். காலையில் போய் இரவில் திரும்பும் ஒருவர் தனியாக ஒரு பெங்கால் குட்டியை வளர்த்தால் பூனைக்கும் கஷ்டம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கஷ்டம். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளை எடுப்பது செலவு, ஆனால் பல வீடுகளில் அதுதான் தீர்வு.

பெர்ஷியனுக்கு வேறு மாதிரிக் கணக்கு. தினமும் சீவ வேண்டும், கண்ணைத் துடைக்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் அக்குளிலும் வயிற்றிலும் முடி சடைபிடித்துத் தோலை இழுக்கும். வெப்பமும் அதற்கு ஆகாது.

வீட்டில் பறவை, மீன், முயல், வெள்ளெலி ஏதாவது இருக்கிறதா? வேட்டைக் குணம் கூர்மையான இனங்களோடு அவற்றைச் சேர்த்து வைக்க முடியாது. பூனையை வெளியே திரிய விடுவதும் இந்த மாதிரி இனங்களுக்குச் சரிவராது. திருடு போகும், வண்டியில் அடிபடும், அக்கம்பக்கத்துப் பறவைகளைக் காலி செய்யும். வலை அடித்த பால்கனி, ஏறி உட்கார உயரமான தட்டுகள், நகம் கீற உறுதியான கம்பம் இவை கட்டாயச் செலவில் சேர்ந்தவை.

குட்டியின் விலையைவிட அதன் ஆயுள் செலவு பல மடங்கு அதிகம். வருடாந்திர எக்கோ ஸ்கேன், பல் சிகிச்சை, நல்ல உணவு, அவசர சிகிச்சை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காப்பீடு எடுத்தால் பரம்பரை நோய்க்கும் பொருந்துமா என்று படித்துப் பாருங்கள்.

நான்காம் படி: பிரீடரைத் தேடுங்கள், குட்டியை அப்புறம் தேடலாம்

நல்ல பிரீடரிடம் பெரும்பாலும் காத்திருப்புப் பட்டியல் இருக்கும். கேட்ட உடனே, கேட்ட நிறத்தில், எப்போது வேண்டுமானாலும் குட்டி தருகிறேன் என்பவரிடம் தாய்ப்பூனைகள் ஓய்வே இல்லாமல் ஈன்றுகொண்டிருக்கும். ஒரே ஆள் ஆறேழு இனம் வைத்து விற்றாலும் ஒதுங்கிவிடுங்கள்.

தாய்ப்பூனையைக் குட்டியோடு பார்க்காமல் வாங்கவே கூடாது. தந்தை வேறு இடத்தில் இருக்கலாம், இணைப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவருவது வழக்கம்தான். ஆனால் தாய் அங்கே இருந்தாக வேண்டும். அதன் குணத்தைக் கவனியுங்கள். பயந்து சீறும் தாயிடம் வளர்ந்த குட்டியும் பெரும்பாலும் பயந்த சுபாவமாக வரும். குட்டிகள் வீட்டு நடமாட்டத்தின் நடுவில் வளர்கின்றனவா, கூண்டிலோ தனிக் கொட்டகையிலோ வளர்கின்றனவா? பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் மனிதர்களோடு பழகும் முக்கியமான காலம். அதைத் தவறவிட்டால் பின்னால் ஈடுகட்டுவது கடினம்.

எட்டு வாரக் குட்டியை எடுத்துப் போங்கள் என்று அவசரப்படுத்தினால் மறுத்துவிடுங்கள். குறைந்தது 12 வாரம் தாயோடு இருக்க வேண்டும், 14 வாரம் என்றால் இன்னும் நல்லது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தினர் 2017-ல் கிட்டத்தட்ட 6,000 பூனைகளின் விவரங்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கப்பட்ட பூனைகளிடம் ஆக்ரோஷம் அதிகமாக இருந்தது.

தூரத்து ஊரிலிருந்து வாங்குவதாக இருந்தால் மோசடிக்கு வாய்ப்பு அதிகம். வேறு யாருடைய படத்தையோ காட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு, அப்புறம் விமானக் கூண்டு, காப்பீடு என்று மேலும் மேலும் பணம் கேட்பார்கள். படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். நேரலை வீடியோ அழைப்பில் குட்டியையும் தாயையும் ஒன்றாகக் காட்டச் சொல்லுங்கள்; நீங்கள் சொல்லும் பொருள் ஒன்றை அந்தக் குட்டியின் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். சாக்கு சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

பிரீடர் உங்களைக் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். வீட்டில் யார் யார், பகலில் யார் இருப்பார்கள், முன்பு வளர்த்த பூனை என்ன ஆனது என்றெல்லாம் விசாரிப்பவர் தன் குட்டியின் மேல் அக்கறை உள்ளவர்.

ஐந்தாம் படி: காகிதங்களை வாசியுங்கள்

வம்சாவளிச் சான்றிதழ் என்பது யாருக்கு யார் பிறந்தார்கள் என்ற பதிவு. ஆரோக்கியத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. 1906-ல் தொடங்கிய அமெரிக்காவின் சிஎஃப்ஏ, 1910-ல் வந்த பிரிட்டனின் ஜிசிசிஎஃப், 1949-ல் ஐரோப்பாவில் தொடங்கிய ஃபிஃபே, 1979-ல் வந்த டிஐசிஏ ஆகியவை தெரிந்த பதிவு அமைப்புகள். சான்றிதழில் உள்ள எண்ணை அந்த அமைப்பிடமே கேட்டுச் சரிபாருங்கள். அதிலுள்ள மூதாதையர் பெயர்களில் ஒரே பூனை தாய் வழியிலும் தந்தை வழியிலும் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நெருங்கிய உறவுக்குள் இணைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சோதனை முடிவுகள் குட்டியுடையது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெற்றோர் இருவருடையதும் வேண்டும். அறிக்கையில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் அந்தப் பூனையின் எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். பைருவேட் கைனேஸ் குறைபாடு போன்றவற்றில் இரண்டு பிரதி சேர்ந்தால்தான் நோய். ஒரு பெற்றோர் நோயைச் சுமப்பவராக இருந்து மற்றவர் முழுக்கச் சுத்தமாக இருந்தால் குட்டிக்கு நோய் வராது. பிகேடி அப்படி இல்லை, இருவருமே சுத்தமாக இருக்க வேண்டும். ஹெச்சிஎம்மைப் பொறுத்தவரை மரபணுச் சோதனையில் குறை இல்லை என்று வந்தாலும் நோய் வராது என்று அர்த்தமில்லை. பெற்றோரின் எக்கோ ஸ்கேன் அறிக்கை ஒரு வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ‘கால்நடை மருத்துவர் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்ற வாய்வார்த்தையை இதற்குப் பதிலாக ஏற்காதீர்கள். பெற்றோருக்குப் பூனை ரத்தப் புற்று வைரஸ், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்ஐவி வைரஸ் இரண்டும் இல்லை என்ற முடிவையும் கேளுங்கள்.

ஆறாம் படி: குட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

12 வாரக் குட்டி ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ இருக்கும், பெரிய இனங்கள் இன்னும் கூடுதல். கண் தெளிவாக இருக்கிறதா, தும்முகிறதா, காதுக்குள் காபித்தூள் போலக் கறுப்பாக ஏதாவது இருக்கிறதா, முடி உதிர்ந்த வட்டங்கள் இருக்கின்றனவா, வால் அடியில் பேதியின் கறை இருக்கிறதா என்று பாருங்கள். பூனைகள் நிறைய உள்ள இடங்களில் ஜியார்டியா, டிரைட்ரைகோமோனாஸ் போன்ற குடல் கிருமிகள் சகஜம். தொடர்ந்து இளகிப் போகும் குட்டியை மலப் பரிசோதனை இல்லாமல் எடுக்காதீர்கள். மார்பை விரலால் தடவிப் பாருங்கள். பெங்காலிலும் பர்மீஸிலும் சில குட்டிகளுக்கு மார்புக்கூடு தட்டையாக அமைந்துவிடும். வாயை மூடியபடி சத்தமில்லாமல் மூச்சு விட வேண்டும்.

ஓரிரு நிமிடம் தயங்கிவிட்டு விளையாட வரும் குட்டி நல்ல குட்டி. மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு எடுக்க நினைத்தால், உங்களிடம் அதற்குப் பொறுமையும் நேரமும் இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள்.

ஏழாம் படி: ஒப்பந்தம்

பரம்பரை நோய் தெரிய வந்தால் பிரீடரின் பொறுப்பு என்ன, எந்த வயதுக்குள் கருத்தடை செய்ய வேண்டும், உங்களால் வளர்க்க முடியாமல் போனால் பூனையைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா? மூன்றும் எழுத்தில் வேண்டும். கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் ‘எடுத்துக்கொள்வேன்’ என்பவரை நம்பலாம். சில பிரீடர்கள் ஈற்று முடித்து ஓய்வு கொடுத்த வளர்ந்த பூனைகளையும் நல்ல வீடுகளுக்குத் தருவார்கள். குணமும் உடல்நிலையும் முன்பே தெரிந்திருப்பதால் அது பலருக்குக் குட்டியைவிடப் பொருத்தமாக அமையும்.

எட்டாம் படி: வீடும் முதல் வாரங்களும்

லில்லிச் செடி, பூ எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. மகரந்தம் நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம். நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் அப்படியே. நூல், ரிப்பன், தலைமுடி ரப்பர் ஆகியவற்றை எட்டாமல் வையுங்கள். சமைக்காத கோழி இறைச்சி கொடுத்தால்தான் ‘காட்டு’ இனம் நன்றாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். பச்சை இறைச்சியால் சால்மொனெல்லா வரும், பறவைக் காய்ச்சல் தொற்றிப் பூனைகள் இறந்தும் இருக்கின்றன. தரமான பூனை உணவு போதும்.

முதலில் ஒரே ஒரு அறையை மட்டும் கொடுங்கள். அங்கேயே உணவு, தண்ணீர், தள்ளி ஒரு மணல் தட்டு, ஒளிய ஓர் அட்டைப்பெட்டி. பிரீடர் கொடுத்த அதே உணவையும் அதே மணலையும் இரண்டு வாரம் தொடர்ந்துவிட்டு மெதுவாக மாற்றுங்கள். வேறு பூனை இருந்தால் இரண்டு வாரம் தனித்தனியாக வைத்து, துணியில் வாசனை பரிமாறிய பிறகு முகம் காட்டுங்கள்.

முதல் சில நாட்களுக்குள் உங்கள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடைசித் தடுப்பூசி 16 வாரம் ஆன பிறகு போட்டதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தாய்ப்பால் எதிர்ப்புச் சக்தி அதைச் செல்லாமல் ஆக்கிவிடலாம். வீடு மாறிய அழுத்தம் தணியும் முன்பே கருத்தடை அறுவையை வைத்துக்கொள்ள வேண்டாம். பூனைகள் நெருக்கமாக வாழும் இடத்திலிருந்து வரும் குட்டிகளிடம் கொரோனா வகை வைரஸ் ஒன்று சாதாரணமாக இருக்கும். மன அழுத்தம் கூடும்போது சிலவற்றில் அது எஃப்ஐபி என்ற கடும் நோயாக மாறும். விடாத காய்ச்சல், எடை குறைவு, வயிறு வீங்குவது ஆகியவை அடையாளங்கள். ஜிஎஸ்-441524 என்ற மருந்து வந்த பிறகு பெரும்பாலான பூனைகள் இதிலிருந்து பிழைக்கின்றன, ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும், ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அந்த முதல் சந்திப்பிலேயே மைக்ரோசிப்பை ஸ்கேன் செய்து, எண் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பதிவை உங்கள் பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் மாற்றிவிடுங்கள்.